நாமளே எழுதின சர்வீஸை அடைச்சு வெக்க எஸ்ஈலினக்ஸா, ஆப்ஆர்மரா, சிஸ்டம்டியே போதுமா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் சர்வர் பாத்துக்கற பசங்ககிட்ட சுத்திச்சுத்தி வர்ற கேள்விங்க இது. கம்பெனிக்குன்னு நாமளே எழுதின ஒரு சர்வீஸ் இருக்கு, அதை எவனாவது உடைச்சு உள்ள பூந்தாலும் மொத்த சர்வரும் போயிரக்கூடாது, அதுக்கு, ஒரு ப்ரோக்ராம் எதைத் தொடலாம்னு லினக்ஸ் கெர்னல்லயே பாத்துத் தடுக்கற எஸ்ஈலினக்ஸ் நல்லதா ஆப்ஆர்மர் நல்லதா, இல்ல சர்வீஸைக் கெளப்பி விடற சிஸ்டம்டியோட யூனிட் ஃபைல்ல (சர்வீஸை எப்படி ஓட்டறதுன்னு எழுதி வெக்கற ஃபைல்) நாலு வரி சேத்துட்டா முடிஞ்சுதா. என் பதிலை முன்னாடியே சொல்லீர்றனுங்க. உங்க சர்வர்ல இப்ப எது வந்து உக்காந்திருக்குதோ அதையே எடுத்துக்கங்க, உபுண்டு டெபியன்னா ஆப்ஆர்மர், ராக்கி ஆல்மா ரெட்ஹேட்னா எஸ்ஈலினக்ஸ், எது கெட்டின்னு சண்டை போட்டு டிஸ்ட்ரோவையே மாத்தற வேலை வேண்டாம். ஆனா எதை எடுத்தாலும் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாதுன்னு நீங்களா உக்காந்து பாலிசி எழுதற வரைக்கும் உங்க சொந்த சர்வீஸை அது தொடவே தொடாது. பாதிப் பேரு ஏமாந்து போறது இதுலதான்.

அது எப்படின்னு பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்ல, திருப்பூர்ல ஒரு பனியன் யூனிட்னு வெச்சுக்கலாம். தையல் லைன்ல பண்டல் பார்கோடு ஸ்கேன் பண்ணப் பண்ண கணக்கு ஏத்தற ஒரு பைத்தான் சர்வீஸ், பேரு லைன்கவுண்ட். அது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல எழுதும், கார்ட்டன் லேபிள் ப்ரிண்டருக்கு அனுப்பும், அதோட பையர்கிட்டருந்து மெயில்ல வர்ற பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) பிடிஎஃப்பை எடுத்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் வெச்சுப் பக்கம்பக்கமா படமா மாத்தி மெர்ச்சண்டைசருக்குக் காட்டும். வெளிய எவனோ அனுப்பற ஃபைலை உள்ள ஒரு ப்ரோக்ராம் திறந்து படிக்குதுன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும். கோஸ்ட்ஸ்கிரிப்ட்ல கண்ட ஃபைலைத் தொட விடாத சேஃபர் மோடு டீஃபால்ட்டா வந்ததே 2019ல 9.50 வர்ஷன்லதான், அந்த மோடையே தாண்டற ஓட்டைகளும் பல தடவை வந்திருக்கு. ஆக நாம பயப்பட வேண்டியது ஸ்கேனர் பக்கத்துக்கு இல்லீங்க, அந்த பிடிஎஃப்புக்குத்தான்.

சிஎச்மாட், சிஎச்ஓன் எல்லாம் பண்ணி தனி யூசர்லதான ஓட்டறோம்னு கேப்பீங்க. பண்ணுங்க, அது அடிப்படை. ஆனா அந்தப் பர்மிஷன் எல்லாம் ஃபைலோட ஓனர் நெனச்சா மாத்தீர்லாம், ரூட் ஆயிட்டா கேள்வியே கெடையாது. மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோல்ங்கறது அதுக்கு மேல கெர்னல்ல உக்காந்திருக்கற இன்னொரு செக்கிங். முதல்ல பழைய பர்மிஷன் ஓகே சொல்லணும், அப்பறம் இது ஓகே சொல்லணும், ப்ராசஸ் ரூட்டாவே ஓடினாலும் பாலிசில இல்லாத ஃபைலைத் திறக்க விடாது.

வரலாறு சுருக்கமா. எஸ்ஈலினக்ஸ் அமெரிக்காவோட என்எஸ்ஏ எழுதி 2000 டிசம்பர்ல வெளிய விட்டது, 2003ல 2.6 கெர்னலோட சேந்துச்சு, ரெட்ஹேட் 4லருந்து கூடவே வருது, ஆண்ட்ராய்டு 5.0லருந்து உங்க போன்லயும் முழுசா அதுதான் காவல். ஆப்ஆர்மர் இம்யூனிக்ஸ்ங்கற கம்பெனில பொறந்து, 2005ல நாவெல் அவிங்களை வாங்கி, கடைசியா 2010ல 2.6.36 கெர்னல்ல உள்ள வந்துச்சு. டெபியன் 10லருந்து, அதாவது 2019லருந்து, டெபியன்ல டீஃபால்ட்டா ஆன்ல இருக்கு. ரொம்ப நாளா ஆப்ஆர்மர் கட்சில இருந்த ஓப்பன்சூசே டம்பிள்வீட் 2025ல புது இன்ஸ்டாலுக்கு எஸ்ஈலினக்ஸுக்கு மாறீருச்சு. அதுனால ஆப்ஆர்மர் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, உபுண்டு விடற மாதிரி தெரியல.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அடிப்படை வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதாங்க, மத்தது எல்லாம் அதுலருந்து வர்றது. ஆப்ஆர்மர் பாத் பாக்கும், எஸ்ஈலினக்ஸ் லேபிள் பாக்கும். துணி குடோன்ல ரோல் எந்த ரேக்ல இருக்குன்னு பாத்துக் கணக்கு சொல்றது ஒரு மாதிரி, ரோல்லயே ஒட்டியிருக்கற லாட் டேகைப் பாத்துச் சொல்றது இன்னொரு மாதிரி. ரேக் கணக்கு சட்டுனு புரியும், யாரு வேணா எழுதலாம், ஆனா ரோலைத் தூக்கி வேற ரேக்ல வெச்சா கணக்கே மாறிப்போகும். டேக் எங்க கொண்டு போனாலும் கூடவே வரும், ஆனா டேகைத் தப்பா ஒட்டீட்டா அது சரியான ரேக்லயே இருந்தாலும் உள்ள விட மாட்டான்.

எஸ்ஈலினக்ஸ்ல ஆளுங்க அழற எடம் பூராவும் இந்த டேக் சமாச்சாரம்தான். டெவலப்பர் பையன் ஹோம் ஃபோல்டர்ல கான்ஃபிக் ஃபைலை ரெடி பண்ணி எம்வி போட்டு சர்வீஸ் ஃபோல்டருக்கு நகத்துவான், எம்வி பண்ணும்போது பழைய லேபிள் கூடவே வந்துரும், சிபி பண்ணியிருந்தா புது ஃபோல்டரோட லேபிளை எடுத்திருக்கும். பர்மிஷன் 644, ஓனரும் சரி, பாத்தும் சரி, ஆனா சர்வீஸ் பர்மிஷன் டினைட்னு கத்தும். எல்எஸ் கமாண்டுக்குப் பெரிய இசட் போட்டுப் பாத்தாத்தான் தெரியும், யூசர்_ஹோம்_டின்னு ஒட்டிட்டு நிக்கும். ஆடிட் லாக்ல எஸ்ஈலினக்ஸ் மறுத்ததைச் சொல்ற ஏவிசி வரியைப் படிக்கக் கத்துக்கிட்டா பாதி சண்டை தீந்துது: எஸ்கான்டெக்ஸ்ட்னு வர்றது கேக்கற ப்ராசஸ் யாரு, டிகான்டெக்ஸ்ட்னு வர்றது எந்த லேபிள் இருக்கற பொருளைக் கேக்குது, டிகிளாஸ்னு வர்றது அது ஃபைலா டைரக்டரியா சாக்கெட்டா, முன்னாடி சுருள் பிராக்கெட்ல இருக்கறது ரீடா ரைட்டா. அவ்வளவுதான். டிகான்டெக்ஸ்ட்ல யூசர்_ஹோம்_டின்னு பாத்தீங்கன்னா, அந்த பாத்துக்கு உண்டான லேபிளைத் திரும்ப ஒட்டற ரெஸ்டோர்கான் போட்டா சரியாயிரும், உங்க ஃபோல்டர் புதுசா இருந்தா முதல்ல செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்ல இந்த பாத்துக்கு இந்த டைப்புன்னு எழுதி வெச்சுட்டு அப்பறம் ரெஸ்டோர்கான்.

இந்த எடத்துல ஆடிட்2அலோவைப் பத்தி ஒரு வார்த்தை. லாக்கை அதுக்குள்ள ஊத்துனா தேவையான அலோ ரூல் எல்லாத்தையும் தானே எழுதிக் குடுத்துரும், நெட்ல எல்லாரும் அதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்க. ஆனா மேல சொன்ன கேஸ்ல அதை அப்படியே ஏத்துனா என்ன ஆகும்னு பாருங்க, லைன்கவுண்ட் டொமைன் (ஓடற ப்ராசஸோட லேபிளை அப்படித்தான் சொல்லுவாங்க) யூசர்_ஹோம்_டி ஃபைலைப் படிக்கலாம்னு ரூல் ஆயிரும், அதாவது அந்த சர்வர்ல இருக்கற எல்லாரோட ஹோம் ஃபோல்டரும் அதுக்குத் தொறந்தாச்சு. ஒரே ஒரு ஃபைல்ல லேபிள் தப்பா இருந்ததுக்கு! அது குடுக்கறதை வரிவரியாப் படிச்சுட்டு, லேபிள் மாத்திச் சரி பண்ண முடியாததை மட்டும் உள்ள விடணும்.

செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு, தடுக்கற என்ஃபோர்சிங்லருந்து தடுக்காம லாக் மட்டும் எழுதற பர்மிசிவுக்கு எஸ்ஈலினக்ஸை மாத்தறவங்களைப் பத்திப் பேசவே வேண்டாம்னு இருந்தேன், ஆனா நம்ம பக்கம் அதுதான் பெரும்பாலான எடத்துல "சொல்யூஷன்". அது போட்டா எல்லாம் ஓடும், எல்லாரும் வீட்டுக்குப் போயிருவாங்க. அடுத்த மாசம் இபிக்காரங்க பராமரிப்பு மின்தடைன்னு பொழுதுக்கும் கரண்ட்டை நிறுத்துவாங்க, யூபிஎஸ் எத்தனை நேரம் தாங்கும், சர்வர் ரீபூட் ஆகும், கான்ஃபிக் ஃபைல்ல என்ஃபோர்சிங்னு இருக்கறதால அது பழையபடி என்ஃபோர்சிங்லயே எந்திரிக்கும். ஓனர் போன் பண்ணி "ஏந்தம்பி, பேக்கிங்ல லேபிளே வருலியாமா"ம்பார். என்ன மாத்தினோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஏன்னா யாரும் எதையும் மாத்தல. கான்ஃபிக்லயே டிஸேபிள்ட்னு போட்டு வெச்சவங்க கதை இன்னும் மோசம், ஆஃப்ல இருக்கற காலத்துல உருவான ஃபைலுக்கு லேபிளே இருக்காது, திரும்ப ஆன் பண்ணும்போது டிஸ்க் முழுக்க ரீலேபிள் பண்ணணும், பெரிய டிஸ்க்னா டீ குடிச்சுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது. ஒரு சர்வீஸ் மட்டும் தொந்தரவு பண்ணுதுன்னா செமேனேஜ் பர்மிசிவ்னு ஒண்ணு இருக்குங்க, அந்த ஒரு டொமைனை மட்டும் பர்மிசிவ்ல வெக்கலாம், மத்ததெல்லாம் காவல்லயே இருக்கும், லேபிளும் ஒட்டிட்டே இருக்கும், லாக்கும் வரும்.

இப்ப நான் முதல்ல சொன்ன ஏமாற்றம். ராக்கி லினக்ஸ் போட்டு கெட்என்ஃபோர்ஸ் அடிச்சா என்ஃபோர்சிங்னு வரும், ஆடிட்டுக்கு வர்றவர்கிட்டக் காட்டலாம், அவரும் டிக் அடிச்சுட்டுப் போயிருவார். ஆனா பிஎஸ் கமாண்டுக்கு இசட் போட்டு லைன்கவுண்ட் எதுல ஓடுதுன்னு பாருங்க. அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டின்னு இருக்கும். டிஸ்ட்ரோ குடுக்கற பாலிசி அப்பாச்சி, போஸ்ட்கிரெஸ், பைண்ட் மாதிரி தெரிஞ்ச சர்வீஸுக்குத்தான், நீங்க எழுதினதை அதுக்குத் தெரியாது, அதுனால பேர்லயே சொல்ற மாதிரி கட்டாம விட்டுருது. உபுண்டுலயும் இதே கதைதான், ஏஏ-ஸ்டேட்டஸ் அடிச்சா ப்ரொஃபைல் (ஆப்ஆர்மர்ல பாலிசிக்கு அதுதான் பேரு) வரிசையா வரும், அதுல உங்களுது இருக்காது.

இதுல பைத்தான்காரங்களுக்குன்னு ஒரு குழி இருக்கு. யூனிட் ஃபைல்ல எக்ஸெக்ஸ்டார்ட்ல பைத்தான்3ன்னு எழுதி அதுக்குப் பக்கத்துல ஸ்கிரிப்ட் பேரைக் குடுப்பாங்க. கெர்னல் பாக்கறது ஓடற பைனரியை, அது பைத்தான், எல்லாருக்கும் பொதுவானது. நீங்க ஸ்கிரிப்ட் பாத்துக்கு ப்ரொஃபைல் எழுதி வெச்சாலும் ஒட்டாது, எஸ்ஈலினக்ஸ்லயும் ஸ்கிரிப்ட்டுக்கு அழகா எக்ஸெக் டைப் ஒட்டியிருந்தாலும் டொமைன் மாறாது. வழி என்னன்னா ஸ்கிரிப்ட்டோட முதல் வரில ஷீபேங் (எதுல ஓட்டணும்னு சொல்ற #! வரி) போட்டு எக்ஸிக்யூட் பர்மிஷன் குடுத்து ஸ்கிரிப்ட்டையே நேரா எக்ஸெக்ஸ்டார்ட்ல கூப்புடணும். ஆப்ஆர்மர்னா இன்னொரு வழியும் இருக்கு, யூனிட் ஃபைல்ல ஆப்ஆர்மர்ப்ரொஃபைல்னு ஒரு வரி போட்டு பேரைச் சொல்லீர்லாம், அந்த ப்ரொஃபைல் லோடு ஆகாம இருந்தா சர்வீஸே கெளம்பாது, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு, கட்டாம ஓடறதுக்கு ஓடாம இருக்கறதே மேல்.

ஆப்ஆர்மர்ல எழுதறது உண்மையிலயே சுலபங்க, அதை ஒத்துக்கணும். ஈடிசி ஆப்ஆர்மர்.டி ஃபோல்டர்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல், மேல அப்ஸ்ட்ராக்ஷன்ஸ் பேஸை இன்க்ளூட் பண்ணீட்டு, எந்த பாத்தைப் படிக்கலாம், எதுல எழுதலாம்னு வரிவரியா. ஏஏ-ஜென்ப்ராஃப் ஓட்டி விட்டு சர்வீஸை நல்லா வேலை வாங்குனீங்கன்னா லாக்கைப் படிச்சு ஒவ்வொண்ணா அலோவா டினையான்னு கேக்கும். புதுசா சேந்த பையன்கூட ப்ரொஃபைலைப் படிச்சு என்ன நடக்குதுன்னு சொல்லீருவான். நடுராத்திரி ஷிப்மென்ட் நேரத்துல ஏதாச்சும் நின்னுபோனா லாக்ல டினைடுன்னு பேரு போட்டு எந்த ப்ரொஃபைல், எந்த ஃபைல்னு முழு பாத்தோட வரும், அந்தப் பாத்தைச் சேத்து ரீலோடு பண்ணா முடிஞ்சுது. என் கணக்குல இதுதான் ஆப்ஆர்மரோட பெரிய பலம்.

கோஸ்ட்ஸ்கிரிப்ட் கேஸ்லயும் ஆப்ஆர்மர் அழகா உக்காரும். ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணைக் கூப்புடும்போது என்ன பண்றதுங்கறதுக்கு எழுத்து இருக்கு: ஐஎக்ஸ்னா அதே ப்ரொஃபைல்லயே ஓடட்டும், பிஎக்ஸ்னா அதுக்குன்னு தனியா இருக்கற ப்ரொஃபைல், சிஎக்ஸ்னா இதுக்குள்ளயே எழுதின குட்டி ப்ரொஃபைல், யூஎக்ஸ்னா கட்டே இல்லாம அவுத்து விட்டர்றது. ஐஎக்ஸ் போட்டா கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கும் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டு இருக்கற கான்ஃபிக் ஃபைல் தெரியும். சிஎக்ஸ் போட்டு, வர்ற பிடிஎஃப் ஃபோல்டரைப் படி, படம் போற ஃபோல்டர்ல எழுது, ஃபாண்ட் ஃபைலைப் படி, நெட்வொர்க் கெடையாதுன்னு குட்டியா எழுதீட்டா, கெட்ட பிடிஎஃப் ஒண்ணு வந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட்டையே புடிச்சாலும் அவனுக்குக் கெடைக்கறது மத்த பிஓ பிடிஎஃப்ங்கதான். அதுவும் போகக்கூடாத பொருள்தான், ஆனா சம்பளக் கணக்கும் டேட்டாபேஸும் போறதுக்கு இது எவ்வளவோ பரவால்ல.

குறைன்னு பாத்தா, உபுண்டு 22.04ல வர்ற ஆப்ஆர்மர்ல போர்ட் நம்பர் வெச்சுப் பிரிக்க முடியாது, டிசிபி விடலாமா வேண்டாமாங்கற அளவுலதான் பேசும். எஸ்ஈலினக்ஸ்ல போர்ட்டுக்கும் டைப் உண்டு, லைன்கவுண்ட் போஸ்ட்கிரெஸ் போர்ட்டுக்கு மட்டும் கனெக்ட் பண்ணலாம், வேற எங்கயும் போகக்கூடாதுன்னு சொல்ல முடியும். அதே மாதிரி, பாத் பாக்கறதால பைண்ட் மவுண்ட் அது இதுன்னு ஒரே ஃபைல் ரெண்டு பாத்ல தெரியற எடத்துல ஆப்ஆர்மர் ப்ரொஃபைல் எழுதறவரு கொஞ்சம் முழிச்சிருக்கணும். இன்னொண்ணு, ப்ரொஃபைலே இல்லாம ஓடிட்டிருக்கற சர்வீஸுக்கு முதல் தடவையா ப்ரொஃபைல் ஏத்துனா ஏற்கனவே ஓடற ப்ராசஸுக்கு ஒட்டாது, ரீஸ்டார்ட் பண்ணித்தான் ஆகணும்.

எஸ்ஈலினக்ஸ்ல சொந்தப் பாலிசி எழுதறது மலையேறற வேலைன்னு ஒரு பேரு இருக்கு. அவ்வளவு இல்லீங்க. செபாலிசி ஜெனரேட்னு கமாண்டுக்கு பைனரி பாத்தைக் குடுத்தா ரூலுக்கு ஒரு டிஇ ஃபைல், லேபிளுக்கு ஒரு எஃப்சி ஃபைல், பில்டு பண்ண ஒரு ஸ்கிரிப்ட்னு கையில குடுத்துரும், அந்த டொமைன் முதல்ல பர்மிசிவ்லதான் இருக்கும், அப்படியே ஓட்டி லாக் பாத்துச் சேத்திட்டே போய் கடைசில பர்மிசிவ் வரியை எடுத்துரணும். எழுதறது பிரச்சனை இல்ல, ஆறு மாசம் கழிச்சு நீங்க லீவுல இருக்கும்போது இன்னொருத்தன் அதைப் படிக்கணும், அதுதான் பிரச்சனை. டீம்ல எஸ்ஈலினக்ஸ் லாக் படிக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேராவது இல்லைன்னா அடுத்த அவசரத்துல செட்என்ஃபோர்ஸ் 0 நிச்சயம், அப்பறம் நீங்க எழுதின பாலிசி எவ்வளவு அழகா இருந்து என்ன. டினை ஆகுது ஆனா லாக்ல ஒண்ணுமே வரலைன்னு குழம்பறவங்களுக்கு ஒண்ணு: டோன்ட்ஆடிட்னு சில ரூல் சத்தமில்லாம மறுக்கும், செமாட்யூல் கமாண்டுக்குப் பெரிய டிபி போட்டா அதெல்லாம் வெளிய வரும், பாத்து முடிச்சதும் திரும்ப மூடீருங்க.

சிஸ்டம்டி பத்தி. இது கணக்குப்படி மேண்டேட்டரி ஆக்சஸ் கன்ட்ரோலே இல்ல, நேம்ஸ்பேஸ் (ஃபைல் மாதிரி விஷயங்களைத் தனியாப் பிரிச்சுக் காட்டறது), செக்காம்ப் (கெர்னல்கிட்டக் கேக்கற சிஸ்டம் காலை வடிகட்டறது) எல்லாம் வெச்சு சர்வீஸோட கண்ணுல படற உலகத்தைச் சின்னதாக்கறது. ஆனா போடற உழைப்புக்குக் கெடைக்கற பலன்ல இதை அடிச்சுக்க ஆளில்ல, ரெண்டு டிஸ்ட்ரோலயும் ஒரே மாதிரி வேலை செய்யும். ப்ரொடெக்ட்சிஸ்டம் ஸ்ட்ரிக்ட், ப்ரொடெக்ட்ஹோம், ப்ரைவேட்டெம்ப், எழுத வேண்டிய ஃபோல்டரை மட்டும் ரீட்ரைட்பாத்ஸ்ல, சிஸ்டம்கால்ஃபில்டர்ல சிஸ்டம்-சர்வீஸ் குரூப், இவ்வளவு போட்டாலே சிஸ்டம்டி-அனலைஸ் செக்யூரிட்டி கமாண்டு குடுக்கற மார்க் கண்ணுக்கு முன்னாடி எறங்கும், ஒண்ணும் போடாத சர்வீஸ் 9.6 அன்சேஃப்னு நிக்கும், இதுல மார்க் கொறைஞ்சாத்தான் நல்லது. ஆப்ஆர்மர்ல போர்ட் பிரிக்க முடியலைன்னு சொன்னேன்ல, ஐபிஅட்ரஸ்டினை எனின்னு போட்டு லோக்கல்ஹோஸ்ட்டையும் ஃபேக்டரி லேனையும் மட்டும் அலோ பண்ணா அந்தக் குறையும் பெருமளவு தீந்துது.

இது மட்டும் போதுமான்னா, பிடிஎஃப் மாதிரி வெளி சரக்கு உள்ள வராத சர்வீஸுக்குப் போதும்னுதான் சொல்லுவேன். லைன்கவுண்டுக்குப் பத்தாது, ஏன்னா யூனிட் ஃபைல்ல போடறது அந்த சர்வீஸ் மொத்தத்துக்கும் பொது, உள்ள கூப்புடற கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்குன்னு தனியா இன்னும் இறுக்கமா ஒரு கட்டுப் போட அதுல எடமில்ல. அந்தக் கன்வர்ஷனைப் பிரிச்சுத் தனி யூனிட்டா எழுதீட்டா போடலாம், கோடை மாத்தத் துணிஞ்சவங்களுக்கு அதுவும் நல்ல வழி. கோடு கையில இருக்கறவங்களுக்கு 5.13 கெர்னல்லருந்து லேண்ட்லாக்னு ஒண்ணும் வந்திருக்கு, ப்ரோக்ராமே தன்னைத்தானே கட்டிக்கறது, ரூட்கூட வேண்டாம். வெளிய ஒரு வென்டர்கிட்ட வாங்கின சாஃப்ட்வேரை அப்படித் தானா கட்டிக்க வெக்க நம்மால ஆகாது.

ரெண்டையும் சேத்துப் போடும்போது ஒரு எடத்துல மோதும், இதை யாரும் சொல்றதில்ல. நோநியூப்ரிவிலெஜஸ்னு சிஸ்டம்டில ஒரு நல்ல வரி இருக்கு, சர்வீஸும் அது கூப்புடறதும் புதுசா அதிகாரம் ஏத்திக்க விடாது, எல்லா கைடும் போடச் சொல்லும். அது போட்டிருந்தா ஆப்ஆர்மர்ல சர்வீஸ் முதல்ல தன் ப்ரொஃபைலுக்குள்ள போறதுக்குப் பிரச்சனை இல்ல, ஆனா அதுக்குள்ளருந்து சிஎக்ஸ்ல கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு மாறும்போது தடுத்துரும், லாக்ல நோ நியூ ப்ரிவ்ஸ்னு இன்ஃபோ வரும். எஸ்ஈலினக்ஸ்ல முதல் மாற்றத்துக்கே பாலிசில என்என்பி_ட்ரான்சிஷன்னு தனி அனுமதி வேணும். லைன்கவுண்ட்ல நான்னா கோஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்குத் தனி கட்டு இருக்கறதுதான் முக்கியம்னு அந்த ஒரு வரியை எடுத்துடுவேன், ரூட்டோட அதிகாரத்துல எதெல்லாம் கெடைக்கலாம்னு சொல்ற கேப்பபிலிட்டி பவுண்டிங் செட்டைக் காலி பண்ணி அந்த நஷ்டத்தைக் கொஞ்சம் ஈடு கட்டிக்குவேன். சிஸ்டம்டில சில செட்டிங் போட்டா நோநியூப்ரிவிலெஜஸ் தானாவே ஆன் ஆகும், சிஸ்டம்கால்ஃபில்டர் அதுல ஒண்ணு, சர்வீஸ் ரூட் இல்லாத யூசர்ல ஓடுனா பல சிஸ்டம்டி வர்ஷன்ல அதைப் போட்டதுமே இதுவும் வந்துரும். அப்ப சிஎக்ஸா செக்காம்பான்னு ஒண்ணைத்தான் எடுக்க முடியும், நான் சிஎக்ஸ் பக்கம்.

எஸ்ஈலினக்ஸுக்காகவே ராக்கிக்கோ ஆல்மாவுக்கோ போகலாம்னு நான் சொல்ற ஒரே எடம், ஒரே மெஷின்ல பல பேரோட கன்டெய்னரோ விஎம்மோ ஓட்டறவங்க. கோவைல ஒரு சின்ன ஹோஸ்டிங் கடை, பத்து மில்லுக்கு ஒரே சர்வர்னு வெச்சுக்கங்க. அங்க ஒவ்வொரு கன்டெய்னருக்கும் எம்சிஎஸ்ங்கற, லேபிளோட சேந்து வர்ற கேட்டகரி நம்பர் தனித்தனியா தானே ஒட்டும், ஒருத்தர் வீட்டு ஃபைலை அடுத்தவர் தொட முடியாது, அதுக்கு நீங்க ஒரு ரூலும் எழுத வேண்டியதில்ல. உபுண்டுல ஆப்ஆர்மரை எடுத்துட்டு எஸ்ஈலினக்ஸ் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு, போடலாம், பேக்கேஜ் இருக்கு, ஆனா உபுண்டுல மத்த பேக்கேஜ் எல்லாம் ஆப்ஆர்மருக்குன்னு ப்ரொஃபைலோட வருது, அதை இழந்துட்டு நீங்க தனியா நிப்பீங்க. ரெண்டையும் சேத்து ஒரே கெர்னல்ல ஓட்டலாமான்னா அது இப்போதைக்கு ஆகாது.

எதை எடுத்தாலும் ஆப்ஆர்மரோட கம்ப்ளெய்ன் மோடுலயோ (தடுக்காம லாக் மட்டும் எழுதறது) எஸ்ஈலினக்ஸ் பர்மிசிவ்லயோ எவ்வளவு நாள் வெக்கறதுன்னா, யூனிட்டோட வேலை சுத்து ஒண்ணு முழுசா முடியற வரைக்கும். சனிக்கிழமை சம்பளக் கணக்கு ஒரு தடவை ஓடணும், மாசக் கடைசி ரிப்போர்ட் ஓடணும், லாக் ரொடேட் ஆகணும், ஒரு தடவை ரீபூட் ஆகணும், ப்ரிண்டர் இல்லாம ஒரு தடவை எரர் வரணும், ஏன்னா எரர் வர்றப்பத்தான் சர்வீஸ் இதுவரைக்கும் தொடாத ஃபைலைத் தேடும். தீபாவளி போனஸ் கணக்குன்னு வருசத்துக்கு ஒருக்கா ஓடற ஸ்கிரிப்ட் இருந்தா அதைக் கையாலயே ஒரு தடவை ஓட்டிப் பாத்துருங்க, நோம்பிக்கு முன்னாடி நாள் அது நின்னுபோச்சுன்னா உங்களைத்தான் கூப்புடுவாங்க.

இன்னைக்கே பண்ணக்கூடியது ஒண்ணு இருக்கு. உபுண்டுன்னா ஏஏ-அன்கன்ஃபைன்ட், ராக்கின்னா பிஎஸ் ஈஇசட் அடிச்சு அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டின்னு க்ரெப் பண்ணுங்க. கட்டில்லாம ஓடறது வரிசையா வரும், ஏஏ-அன்கன்ஃபைன்ட் மட்டும் சும்மா அடிச்சா நெட்வொர்க் போர்ட்டைத் தொறந்து வெச்சிருக்கறதைத்தான் காட்டும். அதுல உங்க லைன்கவுண்ட் இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே என்னைக்கோ ஒரு வென்டர் ஆளு வந்து ரூட்ல இன்ஸ்டால் பண்ணீட்டுப் போன பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேரும் எல்லா இன்டர்ஃபேஸ்லயும் போர்ட்டைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்துச்சுன்னா, முதல் ப்ரொஃபைலை அதுக்கு எழுதுங்க.